நான்கு சமக்குறிகள்

மணி ஒன்று நாற்பது. கூட்டம் மூன்றுக்கு. ஒரு மணி இருபது நிமிடம் தாராளம், நான்கு வெர்ஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிட அரை மணிகூட ஆகாது, இதையே பிழைப்பாக வைத்து இருபத்தொரு வருடம் ஓட்டியவள் நான். டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருக்கிறது. திறந்தேன், மூடினேன். ஏசி என் தலைக்கு நேர் மேலே ஊதுகிறது, இடத்தை மாற்றித்தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறேன். வியாழக்கிழமை காலை மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் கதவு திறந்தது. லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. திறந்த கதவுக்குள் காலை வைத்தவர் முனிரத்தினம், ஐம்பத்திரண்டு வயது, அந்தத் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். மார்புக்கு மேல் உயரமாகத் துணி மூட்டை, முகத்தை மறைத்துக்கொண்டு. எதிரே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த லிஃப்டைச் செய்தது நாங்கள். கதவை எப்போது திறக்கலாம், எப்போது கூடாது என்று அதற்குச் சொல்லித்தரும் நிரலை எழுதியவர் தணிகைவேல். எழுதியதைப் படித்துப் பார்த்துச் சரி என்று பெயர் போட்டவள் இமெல்டா, அதாவது நான். லிஃப்ட் இந்த மாடியில் நிற்கிறதா என்று ஒரே ஒரு வரி கேட்க வேண்டும், நிற்கவில்லை என்றால் திறக்கக் கூடாது. குழந்தைகூடக் கேட்கும் கேள்வி. வியாழக்கிழமை அந்த லிஃப்ட் கேட்கவில்லை. கதவின் இரும்புத் தாழ்ப்பாள் தேய்ந்துபோயிருந்தது, அது உண்மை, ஆனால் தாழ்ப்பாள் தேயும் என்பதற்காகத்தானே அந்த வரி. பின்கட்டில் இருக்கும் எங்கள் சோதனைக் கோபுரத்தில் தாழ்ப்பாள் புதுசு, பளபளவென்று இருக்கும், அதனால் வரி இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த வரி எந்த வெர்ஷனில் காணாமல் போனது, யாரால் போனது. அதை எழுதி எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு உள்ளே போக வேண்டும்.

சரி, ஆரம்பி. எங்கள் தொழிலில் ஒரு மாற்றத்தை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டக் கூடாது, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண் போட்டு, ஒரு தொடராக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு பேட்ச். படிப்பவர் குறை சொல்வார், எழுதியவர் திருத்தித் தொடர் முழுவதையும் மறுபடி அனுப்புவார், அது இரண்டாவது வெர்ஷன், அப்புறம் மூன்றாவது. தணிகையின் கதவுத் தொடர் நான்கு முறை வந்தது. நான்காவது மட்டும்தான் நிறுவனத்தின் நிரல் களஞ்சியத்தில் சேர்ந்தது. முந்தைய மூன்றும் யாருக்கும் வேண்டாதவை, அழிந்துபோகும், அழியட்டும் என்றுதான் எல்லோரும் விடுவார்கள், என்னைத் தவிர. இமெல்டா பழைய பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்கமாட்டா என்று கேன்டீனில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கணினியில் நான்கும் இருக்கின்றன, ஒன்றரை வருடமாக, தேதியோடு. காலையில் பத்ரி என் மேசையருகே வந்து நின்றார், எங்கள் பிரிவின் தலைவர், என்னைவிட மூன்று வயது சின்னவர், உட்காராமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். "இமெல்டா, ரொம்ப ஆழமா போகாதீங்க. நாலாவது வெர்ஷனும் லிஃப்ட்ல போனதும் ஒண்ணுதானான்னு மட்டும் பாருங்க. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் எதுக்கு?" என்றார். "வரி எங்க போச்சுன்னு கேப்பாங்களே சார்" என்றேன். "புரோகிராம் யார் பேர்ல இருக்கு? தணிகை பேர்ல. அவ்ளோதான" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "அந்த ஆளும் ஏன் லிஃப்ட்ல வரணும், அவங்களுக்குப் படிக்கட்டு இருக்கே" என்றார். அந்தக் குடியிருப்புச் சங்கமும் அதையேதான் கேட்டிருக்கிறது, பத்து மணிக்கு முன்னால் இஸ்திரிக்காரர் லிஃப்டில் ஏறக் கூடாது என்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்களாம். அன்றைக்குக் கல்யாண வீட்டுக்கு இருபத்துமூன்று பட்டுப்புடவைகள். நான் பத்ரியிடம் தலையை ஆட்டினேன். எனக்குக் கழுத்து நன்றாகச் சுழலும், மேலிடம் எந்தப் பக்கம் ஆட்டச் சொன்னாலும் ஆடும்.

ஒப்பிடுவதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. பழைய தொடரை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வரிசையாக வைத்து, ஜோடி ஜோடியாக நடுவில் குறி போடும். எழுத்து மாறாமல் இருந்தால் சமக்குறி. மாறியிருந்தால் ஆச்சரியக்குறி. ஒரு பேட்ச் காணாமல் போயிருந்தால் வலது பக்கம் வெறும் கோடுகள். ஒன்றையும் இரண்டையும் போடு. முதல் வெர்ஷனில் நான்கு பேட்ச், இரண்டாவதில் ஐந்து, தலைப்பக்கம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். கதவைத் திறக்கும் பேட்ச் நான்காவதாகத் தள்ளிப்போயிருக்கிறது, அதில் அந்த வரி இருக்கிறது, இதோ, நிற்கிறதா என்று கேட்கிறது. புதிய முதல் பேட்சிலும் அதே வரி, எல்லாக் கதவு உத்தரவுகளும் கடந்துபோக வேண்டிய இடத்தில். ஆக இரண்டு இடத்தில் கேட்கிறது. நல்ல மனுஷர், பயந்த மனுஷர், இரண்டு தரம் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இரண்டையும் மூன்றையும் போடு. நான்காவது பேட்சுக்கு நேரே ஆச்சரியக்குறி. உள்ளே சிவப்பாக ஒரு வரி, எடுக்கப்பட்டது என்று அர்த்தம், அதே வரி. இங்கேதான். இரண்டாவதில் இருந்தது, மூன்றாவதில் இல்லை. எடுத்தவர் தணிகைவேல். எனக்கு ஒரு நிம்மதி வந்தது, பொய் சொல்லக் கூடாது, வந்தது, வயிற்றில் சூடான காபி இறங்கினது மாதிரி. ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் தயிர்சாதத்தை ஒரு வாய்கூடச் சாப்பிட்டேன். அப்புறம் மடத்தனமாக, பழக்க தோஷத்தில், மூன்றாவது வெர்ஷனோடு வந்த முகப்புக் கடிதத்தை, எடுத்து வைத்த பழைய மெயில்களில் தேடித் திறந்தேன். தணிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முன்னால் ஒரு கடிதம் எழுதுவார், போன தடவையிலிருந்து என்னென்ன மாறியது, அதை யார் சொன்னார்கள் என்று, நன்றியோடு. இங்கே வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை, யார் சொன்னாலும் தாங்களே யோசித்த மாதிரிதான் எழுதுவார்கள். 'பேட்ச் நான்கு: இரட்டைச் சோதனை நீக்கப்பட்டது. சொன்னவர் இமெல்டா மேடம். நன்றி.' அதற்குக் கீழே, அவர் எடுத்து ஒட்டியிருந்த என் வாசகம். 'ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்பது எதற்கு? ஒன்றை எடுக்கவும்.' கடைசியில் கேள்விக்குறியோடு நிறுத்தியிருக்கலாம். எடுக்கவும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். அந்தத் தொனி எனக்குத் தெரியும், அது என் தொனி, அதற்குப் பேர்போனவள் நான், இமெல்டாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு வரி அதிகமாக உள்ளே போகாது என்று புதிதாகச் சேருபவர்களிடம் சொல்லுவார்கள். பெருமையாக இருக்கும். வரி குறைவாக இருந்தால் எனக்கு வீடு பெருக்கின மாதிரி இருக்கும்.

ஆனால் நான் சொன்னது தப்பில்லை. இல்லையா? மூன்றாவது வெர்ஷனில் முதல் பேட்ச் இருக்கிறது, அது கேட்கிறது, லிஃப்ட் நிற்கிறதா என்று, ஒரு தரம் கேட்டால் போதும். அந்த வெர்ஷனை நம்பி நான் பெயர் போட்டேன், 'பார்த்தவர்: இமெல்டா' என்று ஐந்து பேட்சிலும். அந்த வெர்ஷன் லிஃப்டுக்குள் போயிருந்தால் முனிரத்தினம் இன்றைக்குக் கரி தட்டிக்கொண்டிருப்பார். மூன்றையும் நான்கையும் போடு. முதல் பேட்ச்: இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் வெறும் கோடுகள். மற்ற நான்கும் சமக்குறி, சமக்குறி, சமக்குறி, சமக்குறி. இதை நான் அன்றைக்குப் பார்த்தேன். நன்றாக நினைவிருக்கிறது, மத்தியானம், கையில் டீ, மகளின் பள்ளியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. முதல் பேட்ச் பழைய லிஃப்ட்களையும் தொடுகிறது, அதைச் சேர்த்தால் ஊரிலிருக்கும் அத்தனை பழைய லிஃப்டையும் மறுபடி சோதிக்க வேண்டும், அதைத் தனியாக அப்புறம் அனுப்பச் சொல்லுங்கள் என்று பத்ரி கேட்டிருந்தார். அப்புறம் என்றால் எங்கள் ஊர் அப்புறம், வரவே இல்லை. தணிகை சொன்னபடி முதல் பேட்சை எடுத்துவிட்டு மீதி நான்கை அனுப்பினார். மாறாத பேட்சுக்குப் பழைய பெயரே செல்லும், மறுபடி படிக்க வேண்டியதில்லை, அது எல்லா இடத்திலும் வழக்கம், அதற்குத்தானே அந்தச் சமக்குறி. நான்கு சமக்குறியைப் பார்த்தேன், 'சரி' என்று இரண்டெழுத்து அடித்தேன், டீயைக் குடித்தேன். கதவைத் திறக்கும் பேட்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கட்டளை பொய் சொல்லவில்லை. அந்தப் பேட்ச் எதை நம்பிக்கொண்டிருந்ததோ, அது போய்விட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது கேஸை அவர் அணைத்திருப்பார் என்று நானும், நான் அணைத்திருப்பேன் என்று என் வீட்டுக்காரர் கிளமெண்டும் வண்டியில் உட்கார்ந்திருப்போமே, அப்படி. பாதி வழியில் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும், திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அவர் திட்டுவார். வீட்டுக் கேஸுக்குத் திரும்பிப் போனவள் இதற்குப் போகவில்லை. அந்தப் பேட்சைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடம். நானே எடுக்கச் சொன்ன வரி இது என்று தெரிந்திருக்கும். நான்தான் அந்த வரியைக் கொன்றேன். இல்லை, நான் பாதி, பத்ரி பாதி. கணக்கு இப்படிப் போகக் கூடாது. ஒரு ஆளை எப்படிப் பாதியாகப் பிரிப்பது.

இரண்டு இருபத்தைந்து. பேப்பரில் அந்தப் படம் வந்திருந்தது, லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்து எடுத்தது, ஆளை மறைத்துவிட்டார்கள், துணிகள் தெரிந்தன. மடிப்புக் கலையாமல் கிடந்தன, அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து நான் லிஃப்டில் ஏறவில்லை, இங்கே மூன்றாவது மாடிக்குப் படியில்தான் வருகிறேன், முட்டி வலிக்கிறது, யாராவது கேட்டால் டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறேன். சனிக்கிழமை இரவு கிளமெண்டிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, அப்போது எனக்கு இது தெரியாதே. தெரியாதா? தெரியாமலா மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாவ அறிக்கை சொன்னோம், செய்த பாவம் மட்டுமில்லை, செய்யாமல் விட்டதும் அதில் வரும், அதை வாரா வாரம் வேகமாகச் சொல்லிவிட்டு ஆட்டுக்கறி வாங்க வேண்டும் என்று யோசிப்பேன். நேற்று அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பயமாக இருக்கிறது, இதைச் சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது, பயம்தான். போலீஸ் வழக்குப் பதிந்திருக்கிறது, பெயர் தெரியாத நபர்கள் மீது. மூன்று மணிக்கு ஒரு பெயர் கொடுப்பார்கள். என் மகள் பன்னிரண்டாவது, அம்மா பேர் பேப்பரில் வந்தால் அவள் எப்படிப் பரீட்சை எழுதுவாள். தணிகைக்கும் மகள் இருக்கிறாள். இரண்டு மகள்கள். அவர் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறவர், ஏழு வருடத்தில் என்னை ஒரு தரம்கூட மேடம் போடாமல் கூப்பிட்டதில்லை. இப்போது நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். காலையிலேயே அவர் கணினியைப் பிடுங்கிவிட்டார்கள், மெயிலை முடக்கிவிட்டார்கள். மேசையில் மவுஸ் மட்டும் இருக்கிறது, வால் எதிலும் செருகாமல் தொங்குகிறது, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆக, அந்த முகப்புக் கடிதம் இப்போது உலகத்தில் என்னிடம் மட்டும்தான். முகப்புக் கடிதம் களஞ்சியத்துக்குள் போகாது, பேட்ச்தான் போகும், கடிதம் வழியிலேயே உதிர்ந்துவிடும். களஞ்சியத்தைக் கேட்டால் அது சொல்லும்: எழுதியவர் தணிகைவேல், பார்த்தவர் இமெல்டா. ஏன் எழுதினார், யார் சொல்லி எழுதினார் என்று அதற்குத் தெரியாது. சட்டப் பிரிவு ஒருநாள் பழைய மெயில்களைத் தோண்டினால் கிடைக்குமா? மெயில்கள் ஒரு வருடத்துக்கு மேல் தங்காது, அது விதி, என்னைப் போல் தனியாக எடுத்து வைத்தால்தான் உண்டு. பஸ் டிக்கெட் கிழிக்காதவளே. சொல்லிவிடுவேன். சொல்லத்தான் போகிறேன். கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தேன், அச்சு இயந்திரம் அந்த மூலையில் இரைந்தது, போய் எடுத்துக்கொண்டு வந்தேன், தாள் சூடாக இருந்தது, மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். இதை மேசையில் வைத்து, இந்த வரியை எடுக்கச் சொன்னது நான், முதல் பேட்சை நிறுத்தச் சொன்னது பத்ரி சார், தணிகை நாங்கள் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான் என்று சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் பத்ரியின் முகம் வந்தது, அதை எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது, முதல் வாக்கியம் மட்டும் போதுமே. பிறகு முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டு மூன்றாவது மட்டும் சொன்னால்கூடத் தணிகை தப்பிப்பாரே என்று தோன்றியது. எனக்கு வரிகளைக் குறைக்கத் தெரியும்.

இரண்டு ஐம்பது. நிழல் விழுந்தது, நிமிர்ந்து பார்த்தால் தணிகை. சட்டையை இன்றைக்கு உள்ளே விட்டிருக்கிறார், கூட்டத்துக்காக. "மேடம், சாப்ட்டீங்களா?" என்றார். தன்னை ஆளைக் கொன்றவன் என்று எழுதப்போகிற நாளிலும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். "ஆச்சு தணிகை. நீங்க?" என்றேன். "இறங்கல மேடம். ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க. என் மெயில மூடிட்டாங்க. மூணாவது வெர்ஷனுக்கு ஒரு கவர் லெட்டர் போட்டேன்ல, அது உங்ககிட்ட இருக்குமா?" திரையைச் சின்னதாக்கினேன், எப்போது சின்னதாக்கினேன் என்று தெரியவில்லை, விரல் தானாகச் செய்தது. "எதுக்கு?" என்றேன். "அந்த வரிய நான் எழுதினது ஞாபகம் இருக்கு மேடம். எங்க ஒக்காந்து எழுதினேன்னுகூட ஞாபகம் இருக்கு, ரயில்ல, திருநின்றவூர் கிட்ட சிக்னல்ல நின்னுச்சு. ஆனா ஏன் எடுத்தேன்னுதான் தெரியல. நாலு நாளா மண்டைய ஒடச்சுக்கினு இருக்கேன். எடுக்கறதுக்கு ஏதாச்சும் காரணம் இருந்திருக்கணும்ல? நான் அப்டி சும்மா எடுக்கற ஆள் இல்லியே மேடம்." கண் சிவந்திருந்தது. "வேல போனா போவட்டும். உள்ள தூக்கிப் போட்டாலும் போடட்டும். ஏன்னு தெரிஞ்சா போதும். வீட்டுக்குப் போயி தூங்கிடுவேன்." கோப்பு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. தாளின் சூடு இன்னும் ஆறவில்லை போலிருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை, அவரே படித்துக்கொள்வார், நன்றி என்று அவர் எழுதியதையும் சேர்த்து. கொடு. இமெல்டா, கொடு. வாயைத் திறந்தேன், அந்த மூன்று வாக்கியத்தில் முதலாவது நாக்கு நுனியில் இருந்தது, சத்தியமாக இருந்தது, "தேடிப் பாத்தேன் தணிகை, கெடைக்கல" என்று கேட்டது, என் குரல்தான், கரகரப்பில்லாமல், ரொம்ப சாதாரணமாக. அவர் பார்வை என் மேசைக்குப் போனது. திட்டுவார் என்று நினைத்தேன். கோப்பைப் பிடுங்குவார் என்று நினைத்தேன், பிடுங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "பரவால்ல மேடம்" என்றார். "நீங்களே தேடி இல்லேன்னா இல்லதான். நீங்க பாத்து பேர் போட்டப்போ அது கண்டிப்பா இருந்திருக்கும், இல்லாம நீங்க உட்டிருக்க மாட்டீங்க. அப்றமாதான் நான் ஏதோ பண்ணியிருக்கேன். நானாத்தான் எடுத்திருக்கேன்." சொல்லிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "வாங்க மேடம், கூப்புடறாங்க" என்று கதவைத் திறந்து, நான் முதலில் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார். நான் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.